வேட்டைக்குப் போக என்ன உடுத்துவது? – 117 பவுண்டு கணக்கு



போன வாரம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் என் மருமகள் ஒரு பழைய போட்டோவைப் போட்டாலும் போட்டாள், அன்றிலிருந்து என் போன் ஓயவில்லை. "டீச்சர், அது நீங்கதானா?" "சித்தி, புடவை எங்கே?" "என்ன டீச்சர், கையில கொடி, கால்ல ரப்பர் பூட்ஸ், கட்சியில சேர்ந்துட்டீங்களா?" என்று ஆளுக்கு ஒரு கேள்வி. தனித்தனியாகப் பதில் சொல்லி முடியாது. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

அது 2023 நவம்பர். மகன் வீட்டில் ஆறு மாதம் இருக்கலாம் என்று இங்கிலாந்து போயிருந்தேன். அவன் இருப்பது மிடில்ஸ்பரோ பக்கம். நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி இரும்பும் ரசாயனமுமாக இருந்த ஊர். ஊரை விட்டு அரை மணி நேரம் தெற்கே போனால் குன்றும் காடும் ஆடு மேய்கிற புல்வெளியும்தான். அவன் வேலை செய்யும் கம்பெனியோடு வியாபாரம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் அவனை ஒரு சனிக்கிழமை ஃபெசன்ட் வேட்டைக்கு அழைத்திருந்தார். "அம்மாவையும் கூட்டிட்டு வா, வேடிக்கை பார்க்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

ஃபெசன்ட் என்பது நம்ம காட்டுக்கோழிக்குச் சொந்தக்காரப் பறவை. நீண்ட வால், செம்பு நிற உடம்பு. ஆசியாவிலிருந்து அங்கே போனதுதான். அங்கே அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை அதைச் சுடச் சட்டம் அனுமதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் கூடாது என்று 1831ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது.

வேட்டை என்றதும் ஒருவர் துப்பாக்கியோடு பதுங்கிப் பதுங்கிப் போவார் என்று நினைத்தேன். இது அப்படி இல்லை. எட்டுப் பேர் போல வரிசையாக, நாற்பது அடிக்கு மூன்று மடங்கு தூரம் இடைவெளி விட்டு, நட்டு வைத்த குச்சிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். யாருக்கு எந்தக் குச்சி என்பது குலுக்கலில் வரும். எதிர்ப்பக்கத்துக் காட்டிலிருந்து ஊர்க்காரர்கள் வரிசைகட்டி, கோலால் மரத்தைத் தட்டிக்கொண்டு நடந்து வருகிறார்கள். பறவைகள் மிரண்டு எழும்பி இவர்கள் தலைக்கு மேலே பறக்கும்போது சுடுகிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஊதல் சத்தம். அதற்குப்பிறகு யாரும் சுடக் கூடாது. நாய்கள் ஓடி விழுந்த பறவைகளை எடுத்து வரும். பிறகு அடுத்த காடு, அடுத்த சுற்று.

மகன் எட்டு மாதமாகக் களிமண் வட்டுகளைச் சுட்டுப் பழகியிருந்தான். துப்பாக்கியை அழைத்தவரே தருவதாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் புதன்கிழமை இரவு சாப்பிடும்போது, "அம்மா, உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றான். ஏன்டா என்றால் பதில் இல்லை. மருமகள்தான் சொன்னாள்: "டிரஸ் இல்ல அத்தை. அங்க எல்லாரும் ட்வீட் கோட்டு, முழங்கால் வரைக்கும் ஒரு கால்சட்டை, டை எல்லாம் போட்டு வருவாங்களாம். புதுசா வாங்கினா ஒரு ஆளுக்கே ஐந்நூறு பவுண்டுக்கு மேல ஆகும்."

அப்போது அவர்கள் வீட்டுக் கடன் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஐந்நூறு பவுண்டு என்றால் அன்றைய கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல்.

டிரஸ் இல்லை என்பதற்காக ஓர் இடத்துக்குப் போகாமல் இருப்பது. இது எனக்குப் புதிய விஷயம் இல்லை. என்னிடம் தொண்ணூறுகளில் எடுத்த ஓர் ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ இருக்கிறது. வகுப்பில் 42 பேர். போட்டோவில் 41 பேர். அன்று வெள்ளைச் சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். வராத பையன் வீட்டுக்குச் சாயங்காலம் போனேன். காய்ச்சல் என்றாள் அவன் அம்மா. பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை, சட்டைதான் இல்லை. போட்டோக்காரர் மறுபடி வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை என் வகுப்பறை பீரோவின் கீழ்த்தட்டில் அளவு அளவாகப் பத்துச் சட்டை இருந்தது. அதிலிருந்து எடுத்துப் போட்டவர்களில் பலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். யார் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த 42ஆவது பிள்ளை இன்று ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனும் படிப்பான்.

அதனால் மகனிடம், "இன்னைக்கு புதன். சனிக்கிழமைக்கு ரெண்டு முழு நாள் இருக்கு. முதல்ல என்னென்ன வேணும்னு எழுது" என்றேன். வகுப்பில் கணக்குப் போடுவது மாதிரி ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் காரணம் உள்ள விதிகள். வலப்பக்கம் வழக்கத்துக்காக உள்ள விதிகள்.

மகன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். பளிச்சென்ற நிறம் கூடாது. வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு கூடவே கூடாது. காரணம், பறவை மேலிருந்து பார்த்ததும் திசை மாறிப் போய்விடும். நம்ம ஊரில் மரியாதை என்றால் வெள்ளை வேட்டி சட்டை. அங்கே அதுதான் பெரிய அவமரியாதை! தொப்பி வேண்டும். அண்ணாந்து பார்க்கும்போது முகம் மினுங்காமல் இருக்க. சரசரக்கும் நைலான் கோட்டு வேண்டாம். சத்தம். கம்பளித் துணி வேண்டும். நனைந்தாலும் கம்பளி கதகதப்பு விடாது, செடியில் உரசினாலும் சத்தம் போடாது. முழங்காலுக்குக் கீழே முடிகிற கால்சட்டை. முழுக்காற்சட்டையின் அடிப்பகுதி ஈரப் புல்லில் ஊறிக் கனத்துப் போகும், இதில் அந்தத் தொல்லை இல்லை. முழங்காலுக்குக் கீழே எத்தனை அங்குலம் துணி தொங்குகிறதோ அதை வைத்து 'பிளஸ் டூ', 'பிளஸ் ஃபோர்' என்று பெயர். நம்ம பிள்ளைகளுக்கு பிளஸ் டூ என்றாலே வயிற்றைக் கலக்கும், அவர்களுக்கு அது கால்சட்டை! ரப்பர் பூட்ஸ், சேறுக்கு. காதுக்கு மூடி, வெடிச் சத்தத்துக்கு. இவ்வளவும் இடப்பக்கம்.

வலப்பக்கம்: டை. கட்டம் போட்ட மெல்லிய சட்டை. கோட்டும் கால்சட்டையும் ஒரே துணியில் இருப்பது. காலுறையைப் பிடிக்கும் பட்டையின் நுனி வெளியே கொஞ்சம் தெரிவது. கம்பெனிப் பெயர் போட்ட விலை உயர்ந்த கோட்டு.

தாளைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. இடப்பக்கத்தில் உள்ளதை விடக் கூடாது. ஆனால் அதில் எதுவும் புதிதாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வலப்பக்கத்தில் ஒரு டையும் ஒரு சட்டையும் இருந்தால் அழைத்தவருக்கு மரியாதை செய்தாயிற்று. மற்றது இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி.

வியாழக்கிழமை மருமகளும் நானும் கிளம்பினோம். அங்கே ஊருக்கு ஊர் சாரிட்டி கடைகள் உண்டு. வீட்டில் வேண்டாததைக் கொடுப்பார்கள், அதை விற்று வரும் பணம் தர்மத்துக்கு. அவற்றில் வாங்குவதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. மிடில்ஸ்பரோ கடைகளில் தேட வேண்டாம், விவசாயிகள் வந்து போகும் சந்தை ஊருக்குப் போகலாம் என்று மருமகள் சொன்னாள். புத்திசாலி. ட்வீட் போடுகிறவர்கள் இருக்கும் ஊரில்தானே பழைய ட்வீட் கிடைக்கும்?

மூன்றாவது கடையில் கோட்டு கிடைத்தது. நான் ஆரணியில் குழித்தறிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். (பட்டு ஆரணி இல்லை, அது திருவண்ணாமலை மாவட்டம். நம்முடையது பெரியபாளையத்துப் பக்கம், ஆரணியாற்று ஆரணி. கல்யாணப் பத்திரிகை மாறிப் போன கதைகள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு.) அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்த கை இது. துணியைத் தொட்டதும் திருப்பிப் பார்த்தேன். இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே, ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் இழை தள்ளித் தள்ளி, சாய்வான கோடு விழுகிற நெசவு. தூரத்தில் பார்த்தால் வெறும் பழுப்பு. கிட்டே பார்த்தால் அதற்குள் பச்சை, மஞ்சள், துருச் சிவப்பு, நீலம்கூட இருந்தது. காய்ந்த புல்லும் பாசியும் சருகும் சேர்ந்த நிறம். ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு பெரிய பண்ணைக்கும் அந்தந்த மலையின் நிறத்துக்குத் தகுந்த மாதிரி தனி ட்வீட் நெய்கிற வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து உண்டு. அங்கே ஹாரிஸ் ட்வீட் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1993இல் பார்லிமெண்ட் சட்டமே போட்டிருக்கிறது. வீட்டுத்தறிக்கு அப்படி ஒரு பாதுகாப்பு! அப்பா இருந்திருந்தால் அந்தச் சட்டத்தைப் பற்றி மணிக்கணக்கில் கேட்டிருப்பார்.

பழைய கம்பளிக் கோட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பூச்சி அரித்த ஓட்டை தெரிந்துவிடும். முழங்கை, அக்குள், உள்துணி மூன்றையும் பாருங்கள். இடுப்பு பெரிதாக இருந்தால் கவலை வேண்டாம், பிடித்துத் தைக்கலாம். தோள் பொருந்தாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

மகனின் கணக்கு இது: கோட்டு 22 பவுண்டு, கால்சட்டை 18, புதுக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி 14, விவசாயப் பொருள் கடையில் ரப்பர் பூட்ஸ் 25, தொப்பி 6, டை 2. மொத்தம் 87. கட்டச் சட்டை அவனிடமே இருந்தது. காது மூடிக்கு அவன் தொழிற்சாலையில் தினமும் போடுவதையே எடுத்துக்கொண்டான். கால்சட்டை இடுப்பு இரண்டு அங்குலம் பெரிது. வெள்ளிக்கிழமை இரவு நானே பிடித்துத் தைத்தேன். ஆசிரியர் பயிற்சியில் கற்றுக்கொண்ட தையல் எங்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

இனி என் பாடு. சித்தி புடவை எங்கே என்று கேட்டீர்களே, அதற்குப் பதில். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் புடவை இல்லாமல் வெளியே போனதில்லை. அங்கேயும் கோட்டுக்குள்ளே புடவைதான். "அத்தை, ஒருநாள் மட்டும் பேண்ட் போட்டுக்குங்க" என்று மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரவு முழுக்க யோசித்தேன். அப்போது நம்ம ஊரில் நாற்று நடும் பெண்கள் ஞாபகம் வந்தார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள்? புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குகிறார்கள். யாராவது அவர்களைப் பார்த்து ஆண் சட்டை போட்டாள் என்று சொன்னதுண்டா? வேலைக்குத் தகுந்த உடை, அவ்வளவுதான். அந்த இடுப்புச் செருகலும் இந்தப் பிளஸ் டூ கால்சட்டையும் ஒரே காரணத்துக்காகப் பிறந்தவை. அப்படி நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது.

எனக்குப் பட்டைபோட்ட வெல்வெட் மாதிரி துணியில் ஒரு பேண்ட் 6 பவுண்டு, கம்பளி ஸ்வெட்டர் 5, காலுறை 7, பூட்ஸ் 12. பூட்ஸ் குழந்தைகள் பகுதியில் வாங்கினோம். அங்கே குழந்தைகள் உடைக்கும் செருப்புக்கும் வாட் வரி கிடையாது, என் கால் சின்னது. மெழுகு பூசிய கோட்டு பக்கத்து வீட்டு அம்மாவிடம் இரவல், தொப்பி மருமகளுடையது. மொத்தம் 30. இருவருக்கும் சேர்த்து 117 பவுண்டு, பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். உடையில் மிச்சம் பிடித்ததில் 40 பவுண்டைத் தனியாக மடித்து மகன் பையில் வைத்தேன். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கழுத்துக்கு மட்டும் என்னுடையதைக் கட்டிக்கொண்டேன். அப்பா நெய்த சிவப்புக் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி. இந்தக் கட்டத் துணிக்கு ஒரு சரித்திரம் உண்டு. நம்ம ஆரணியாறு போய்ச் சேரும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டி முடித்து உட்கார்ந்ததே இந்தப் பக்கத்துத் துணிக்காகத்தான். ஊரின் பெயரே துணிக்குப் பெயராகிவிட்டது. மெக்சிகோவில் இன்றைக்கும் கழுத்தில் கட்டும் கைக்குட்டைக்குப் 'பாலியாகாத்தே' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து நெசவாளர்களே 'புல்லிகேட்' என்ற பெயரில் இதைப் போல நெய்து விற்றார்கள். ஆகவே நான் ஒன்றும் அந்த நாட்டுக்குப் புதியவள் இல்லை என்று பெருமையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

போனதும் அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் கீப்பர் என்னிடம் வந்தார். அறுபது வயது இருக்கும். தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு, மிகவும் பணிவாக, "அம்மா, அழகான துணி. ஆனால் கோட்டுக்குள்ளே செருகிக்கொள்ள முடியுமா? பறவை சிவப்பைப் பார்த்துவிடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடப்பக்க விதி! உள்ளே செருகி, கழுத்து வரை பொத்தான் போட்டேன். நாள் முழுக்க அது உள்ளே கதகதப்பாக இருந்தது.

என்னைச் சும்மா நிற்க விடவில்லை. கையில் ஒரு கொடியைக் கொடுத்து ஒரு வேலி மூலையில் நிறுத்தினார்கள். பறவைகள் பக்கவாட்டில் ஓடிப் போகாமல் கொடியை ஆட்டி, கோலைத் தட்ட வேண்டும். நம்ம சோளக் கொல்லையில் பரண் மேலே நின்று தகரம் தட்டிக் கிளி விரட்டுவோமே, அதே வேலை. வித்தை தெரிந்தவள் என்று கீப்பருக்கு ஆச்சரியம்.

மகனை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. கோட்டும் கால்சட்டையும் வேறு வேறு துணி. வந்தவர்களில் மிக வயதானவரின் கோட்டு முழங்கையில் தோல் ஒட்டுப் போட்டிருந்தது, அது அவர் அப்பாவுடையதாம். எல்லாம் புதிதாக, விலைச்சீட்டு இப்போதுதான் கழற்றிய மாதிரி வந்திருந்த ஒருவர்தான் நாள் முழுக்கச் சங்கடமாக இருந்தார், பாவம். சாயங்காலம் கிளம்பும்போது மகன் கீப்பரின் கையைக் குலுக்கி அந்த 40 பவுண்டைக் கொடுத்தான். விருந்தாளி அவருக்கு இனாம் கொடுப்பது அங்கே முறை. கோட்டில் மிச்சம் பிடிக்கலாம், பறவைகளை வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டவருக்குக் கொடுப்பதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இனி மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பறவைகள் விழுந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த நாட்டில் வருஷத்துக்குக் கோடிக்கணக்கான ஃபெசன்ட்களைப் பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுத்தான் சுடுகிறார்கள். விழுந்தது வீணாகவில்லை. எங்களுக்கும் ஒரு ஜோடி கொடுத்தார்கள், சூடு ஆறாமல் கையில் இருந்தது. மிளகு அரைத்துக் குழம்பு வைத்தோம், ஈயக்குண்டு பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டோம். நான் மீனும் கறியும் சாப்பிடுகிறவள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் இன்னொரு முறை கூப்பிட்டால் கொடி பிடிக்கப் போவேனா என்று கேட்டால், மனசு ஒப்பவில்லை.

நம் நாட்டிலும் இதே மாதிரி விரட்டு வேட்டை நடந்ததுதான். பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் சுட்ட பறவைகள் 4,273. அந்தக் கணக்கை அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே இடம் 1982இல் தேசியப் பூங்கா ஆனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை குற்றம். போட்டோவைப் பார்த்துவிட்டு எந்தப் பேரனும் கவணையோ ஏர்கன்னையோ தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகக் கூடாது. டீச்சர் சொல்கிறேன்.

இவ்வளவு நீளமாக நான் எழுதியது அந்தத் தாளுக்காகத்தான். உங்களில் பல பேர் முதல் இன்டர்வியூ, பெரிய இடத்துக் கல்யாணம், கம்பெனி விருந்து என்று வரும்போது எனக்குப் போன் செய்து, "டிரஸ் சரியில்ல டீச்சர், போகல" என்கிறீர்கள். போன மாதம்கூட ஒரு பெண் சொன்னாள். தாளை எடுங்கள், நடுவில் கோடு போடுங்கள். தொழிற்சாலைக்குள் போக சேஃப்டி ஷூ காரணம் உள்ள விதி, அதைக் கடன் வாங்கியாவது நல்லதாக வாங்குங்கள், கால் உங்களுடையது. இன்டர்வியூவுக்குத் துவைத்து இஸ்திரி போட்ட சட்டை போதும், பிராண்டு வலப்பக்கம். பழையது போடலாம், இரவல் போடலாம், பிடித்துத் தைத்துப் போடலாம். கதவுக்குப் பின்னால் நிற்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். வருகிற டிசம்பர், ஜனவரியில் பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போங்கள். பூநாரைகள் வரும் காலம். பழுப்போ மங்கல் பச்சையோ போடுங்கள். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம், சரசரக்கும் பிளாஸ்டிக் பை வேண்டாம், தலைக்குத் தொப்பியோ துண்டோ போதும். எல்லாம் வீட்டில் இருக்கும், ஒரு ரூபாய் செலவில்லை. படகுக்காரருக்கு மட்டும் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உங்கள் டீச்சர்
ஆரணி